செல்லம்மாளின் குரலைத் திருப்பித் தாருங்கள்

தமிழ் ஒலிநூல் செயலிகளை நடத்துகிறவர்களுக்கும், அவர்களுக்கு ஒலி உரிமை கொடுக்கும் பதிப்பாளர்களுக்கும்:

எங்களிடம் விற்ற புத்தகத்தை, விற்ற பிறகு, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மாற்றிவிட்டீர்கள்.

புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதை உங்களில் ஒருவருடைய செயலியில் ஒரு பெண்ணின் குரலில் இருந்தது. ஆண்டுச் சந்தா கட்டி நானும் என் மாமனாரும் அதைப் பல முறை கேட்டிருக்கிறோம். போன மாதம் அதே அட்டைப்படத்தைத் தொட்டால் வேறொரு குரல் பேசுகிறது. கணினி உருவாக்கிய குரல். வாசித்தவர் பெயர் இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது. பழைய பதிவை எங்கே தேடியும் காணோம். உதவி மையத்துக்கு எழுதினேன். குரலின் தரம் உயர்த்தப்பட்டிருக்கிறது என்று பதில் வந்தது. பழைய பதிவு என்ன ஆனது என்று திரும்பக் கேட்டேன். அதே பதில் எழுத்து மாறாமல் மறுபடி வந்தது. பிறகு என் பட்டியலில் இருந்த மற்றப் புத்தகங்களையும் திறந்து பார்த்தேன். பழைய ஆசிரியர்களின் கதைகள் பலவற்றில் இதே வேலை நடந்திருக்கிறது.

அந்த நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இன்று ஒருவர் செய்ததை நாளை மற்றவர்களும் செய்வீர்கள் என்ற பயம் எனக்கு இருக்கிறது. செலவு குறையும் என்று தெரிந்தால் யாரும் சும்மா இருக்கப் போவதில்லை. ஆகவே உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை நடத்துகிறேன். ரவிக்கை, பள்ளிச் சீருடை, புடவைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிப்பது. நாள் முழுக்கக் கையும் கண்ணும் துணியோடு இருக்கும். காது மட்டும்தான் எனக்கென்று மிச்சம். கல்யாணத்துக்கு முன்னால் விட்டுப்போன படிப்பை அந்தக் காது வழியாகத்தான் மீட்டெடுத்தேன். ஜெயகாந்தனையும் கி.ரா. என்கிற கி. ராஜநாராயணனையும் பிரபஞ்சனையும் மிஷின் ஓட்டிக்கொண்டே கேட்டேன். என் மாமனார் புதுச்சேரியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற வேலையில் இருந்தவர். கண் அழுத்த நோயில் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. வாழ்நாளெல்லாம் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு இப்போது புத்தகம் என்றால் ஒலிநூல்தான். காலையில் கடை திறக்கும்போது அவரையும் கூட்டிவந்து உட்கார வைத்துவிடுவேன். இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைக் கேட்போம்.

‘செல்லம்மாள்’ தெரிந்தவர்களுக்குத் தெரியும். சென்னையில் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயில் விழுந்து கிடக்கும் மனைவி, ஒரு சின்ன வீடு. கதை தொடங்கும்போதே அவள் உயிர் பிரிந்துவிடுகிறது. ஒப்பாரி வைக்க அதற்குப் பிறகு எத்தனையோ இடம் இருக்கிறது. ஓரிடத்திலும் புதுமைப்பித்தன் அழவில்லை. நீங்கள் எடுத்துவிட்ட பதிவில் வாசித்த பெண் இதைப் புரிந்துகொண்டிருந்தார். குரலை உடைக்கவில்லை. அன்றாட வேலையைச் சொல்கிற நிதானத்திலேயே சாவையும் சொன்னார். செல்லம்மாள் பேசும் இடங்களில் மட்டும் குரல் கொஞ்சம் தாழும். நோயாளி பேசுகிறாள் என்பது நமக்குத் தெரிந்துவிடும், அவ்வளவுதான். அந்த இடங்களில் நான் மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மாமா ஒரு தடவை, “இந்தப் பொண்ணு கதைய முழுசா படிச்சுட்டுத்தாம்மா வாயத் தொறந்திருக்கு” என்றார். மெய்ப்புத் திருத்துகிறவர் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக அப்படி ஒரு சொல் வராது.

இப்போது அங்கே இருக்கும் குரலுக்கு யார் பேசுகிறார்கள் என்பதே தெரியவில்லை. கணவன் கேட்பதும் மனைவி சொல்வதும் ஒரே தொனி. இரண்டு பேரைச் சுற்றியே நடக்கிற கதையில் ஒருவர் காணாமல் போய்விட்டார். சாவைச் சொல்லும் வாக்கியமும் கடைக்குப் புறப்படுவதைச் சொல்லும் வாக்கியமும் ஒரே உற்சாகத்தோடு வருகின்றன. முதல் பக்கம் முடிவதற்குள் மாமா, “நிறுத்தும்மா” என்றுவிட்டார். அன்று முழுக்க வேறு எதையும் போடச் சொல்லவில்லை.

தமிழ் எழுத்து, வாசிப்பவரை நம்பி எழுதப்படுகிறது. ‘க’ என்ற ஒரே எழுத்தை எங்கே அழுத்துவது, எங்கே மெலிப்பது என்று எழுத்து சொல்லாது. பொருள் தெரிந்தவரின் நாக்குத்தான் சொல்ல வேண்டும். உங்கள் இயந்திரக் குரலில் பாரதக் கதை ஒன்றைக் கேட்டேன். பீமனும் துரியோதனனும் கையில் எடுக்கும் கதாயுதமாகிய கதையை, பாட்டி சொல்லும் கதையாகவே அது உச்சரித்தது. பாரதியைப் பற்றிய கட்டுரை ஒன்றில் ‘குயில் பாட்டில்’ என்று வரும் இடமெல்லாம் தண்ணீர் பாட்டிலாகிவிட்டது. ‘1908-ல்’ என்று அச்சில் இருந்தால் எண்ணைச் சொல்லி முடித்து, ‘ல்’ என்ற எழுத்தைத் தனியாக ஒரு முறை சொல்கிறது. பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்ததைப் பற்றிய கட்டுரை அது. வரிக்கு வரி ஆண்டுக் குறிப்புதான். குயில் பாட்டின் அடிகளையும் அது கெடுத்தது. கலிவெண்பாவில் ஓர் அடி முடிந்தும் பொருள் முடியாமல் அடுத்த அடிக்கு ஓடும், வாசிப்பவரும் கூடவே ஓட வேண்டும். இயந்திரமோ அடிக்கு அடி முற்றுப்புள்ளி வைத்து நின்றது.

இதெல்லாம் சீக்கிரம் சரியாகிவிடும் என்பீர்கள். உச்சரிப்பு சரியாகலாம், நானும் நம்புகிறேன். ஆனால் ‘செல்லம்மாள்’ வாசித்த பெண் அழுவதில்லை என்று ஒரு முடிவு எடுத்திருந்தார். அந்தக் கதையைப் படித்து, யோசித்து, எடுத்த முடிவு. அதை நீங்கள் அழித்துவிட்டீர்கள். திருத்தப்பட்ட உச்சரிப்பு அதை ஈடுசெய்யாது.

எங்கள் பக்கத்துக்கு வாய்விட்டு வாசிப்பது புதிதில்லை. கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்குப் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டைப் பாடிவிட்டு அதற்குப் பொருள் சொல்லிக்கொண்டு போவார். என் தாய்வீட்டு ஊரில் பந்தலில் உட்கார்ந்து கேட்ட பாட்டிகள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எந்த வருஷம் வந்தவர் கர்ணன் சாவை நன்றாகச் சொன்னார், எவர் அவசரப்பட்டு முடித்துவிட்டார் என்பதை நினைவில் வைத்துப் பேசுவார்கள். அவர்களுக்குப் பிடிக்காதவரை ஊரார் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். யார் வாசிப்பது என்பதில் அந்தப் பாட்டிகளுக்கு இருந்த சொல், பணம் கட்டிக் கேட்கும் எங்களுக்கு இல்லை.

மனிதர் வாசித்துவிட்டால் எல்லாம் சரி என்றும் நான் சொல்ல வரவில்லை. உங்கள் மனித வாசிப்புகளிலும் எனக்குக் குறை உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

‘பொன்னியின் செல்வ’னை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய தொடர்கதை. 1999-இல் அவர் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் ஒலிநூலாக்கலாம், பலர் ஆக்கியிருக்கிறீர்கள். அந்தக் கதை தொடங்குவதே எங்கள் மாவட்டத்தில்தான். ஆடிப் பதினெட்டாம் பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வருவது வீரநாராயண ஏரிக்கரையில்; இன்று காட்டுமன்னார்கோயில் பக்கம் போனால் வீராணம் ஏரி என்பார்கள். அன்றிரவு அவன் தங்கும் கடம்பூரும் இங்கேதான். எழுபத்து நான்கு கணவாய் (மதகு) வழியாகவும் ஏரித் தண்ணீர் பாய்வதைக் கல்கி ஆசை ஆசையாகச் சொல்லியிருக்கிறார். ஒரு வாசிப்பாளர் அந்த இடத்தை ஓட்டமாய் ஓடிக் கடந்துவிடுகிறார். சண்டை எப்போது வரும் என்ற அவசரம் அவருக்கு. வீராணம் நிரம்பியதா என்று ஒவ்வோர் ஆண்டும் விசாரித்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பக்கங்கள்தான் கதை.

இன்னொருவர் நிதானமாக வாசிக்கிறார், ழகரமும் சுத்தம். ஆனால் ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் பின்னணியில் முரசு முழங்குகிறது, குரல் ஏறுகிறது. அடுத்த வாரம் வரை வாசகரைப் பிடித்து வைக்கத் தெரிந்தவர் கல்கி. அதற்கு வேண்டியதைக் கடைசி வாக்கியத்திலேயே வைத்துவிட்டார். முரசு அந்த வாக்கியத்தை மூடிவிடுகிறது. பம்பாய் கண்ணன் பல நடிகர்களை வைத்து உருவாக்கிய ஒலிநூல் வேறு வகை, அது நாடகம் என்று தெரிந்தேதான் கேட்கிறோம். ஆழ்வார்க்கடியான் வாதச் சண்டை போடும் இடங்களில் ஆளுக்கு ஒரு குரல் இருப்பது சுகமாகத்தான் இருக்கிறது. மாமாவுக்கு அந்த மாதிரி பிடிக்கும். எனக்கு ஒரே ஆள் வாசிப்பதுதான் பிடிக்கும். தைக்கும்போது மனசு சிதறாமல் இருக்கும். இரண்டும் இருக்கட்டும். எது நாடகம், எது வாசிப்பு என்று வாங்கும் முன்பே தெரிந்தால் போதும்.

அதே நாவலுக்கு ஐந்து பாகம், 293 அத்தியாயம். கடைசிப் பாகத்தில் மட்டும் 91. ஒரு செயலியில் பாகத்துக்கு ஒரே கோப்பாகப் போட்டிருக்கிறார்கள், அத்தியாயப் பிரிவே இல்லை. கண் தெரிந்த எனக்கே விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க முடியவில்லை.

வட்டாரப் பேச்சு விஷயத்தில் என் வருத்தம் இன்னும் பெரியது. ஜெயகாந்தன் 1934-இல் இதே கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். சென்னையின் சேரி மக்கள் பேச்சை அவர் மரியாதையோடு எழுதினார். அதை வாசிக்க வருகிறவர்கள் சினிமா நகைச்சுவைக் காட்சியில் பேசுவது போல இழுத்து, நீட்டி, கோணலாக்கிப் பேசுகிறார்கள். ‘உன்னைப் போல் ஒருவன்’ கதையில் வரும் தாயும் மகனும் யாரையும் சிரிக்க வைக்க வந்தவர்கள் இல்லை. கேட்கக் கேட்க எனக்குக் கோபம்தான் வந்தது. அப்படிப் பேசுகிற பெண்கள் என் கடைக்குத் துணி கொண்டுவருகிறார்கள். அவர்கள் அந்தப் பதிவைக் கேட்டால் என்ன நினைப்பார்கள்? மாறாக, ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ நாவலை வாசித்த ஒருவர் ஹென்றியின் குரலில் வியப்பை மட்டும் வைத்தார். அவர் வாசிக்க வாசிக்க, ஹென்றி எங்கள் கடைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். நல்ல வாசிப்பு எது என்று உங்களுக்குத் தெரியாமல் இல்லை, உங்களிடமே இருக்கிறது.

கி.ரா. கரிசல் மண்ணில் இடைசெவலில் பிறந்து, கடைசிக் காலம் முழுக்கப் புதுச்சேரியில் வாழ்ந்து, 2021 மே 17 அன்று அங்கேயே மறைந்தார். காதால் கேட்ட பேச்சை அப்படியே எழுத்தாக்கியவர். கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியையும் தொகுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வாசிக்க வருகிறவர் அதைப் புரட்டிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. உங்கள் பதிவு ஒன்றில் கரிசல் கிழவி கோயம்புத்தூர்ப் பேச்சு பேசுகிறாள். கிராமம் என்றால் எல்லாம் ஒன்று என்று பட்டணத்தில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். வேறொரு பதிவில் தெற்கத்திக்காரர் ஒருவர் ‘கோபல்ல கிராமம்’ வாசிக்கிறார். மங்கத்தாயாரு பழங்கதையைச் சொல்லத் தொடங்கும்போது அவர் கிழவி வேஷம் போடவில்லை; குரலை நடுங்க வைக்கவில்லை. வேகத்தை மட்டும் குறைத்தார். அந்தக் குடும்பம் தெலுங்கு தேசம் விட்டுத் தப்பி ஓடிவரும் பகுதியைக் கேட்ட அன்று, சீருடை வாங்க வந்த ஓர் அம்மா கதை முடிகிற வரைக்கும் நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டும் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துப் புதுச்சேரியைச் சொல்பவை. நான் கேட்ட வாசிப்பில் பிரெஞ்சு கவர்னரின் பெயரே ஓர் அத்தியாயத்துக்குள் பல விதமாக மாறுகிறது. துய்மா வீதி, சுஃப்ரேன் வீதி என்று பிரெஞ்சுப் பெயர்களை நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே யாரையாவது ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

அடுத்தது, சொல்லாமல் வெட்டுவது. அந்தக் கால அச்சகத்தில் ஒருவர் மூலப்பிரதியை வாய்விட்டுப் படிப்பார், இன்னொருவர் அச்சுப்படியில் சரிபார்ப்பார். வரி விட்டுப்போயிருந்தால் அங்கேயே பிடித்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த காது மாமாவுடையது. பழைய நாவல் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று, “இங்க ஒரு கடுதாசி வரணுமேம்மா, எங்க போச்சு?” என்றார். அவர் மெய்ப்புப் பார்த்த நாவல் அது. அச்சுப் புத்தகத்தை வாங்கி வந்து வரி வரியாக வைத்துப் பார்த்தேன். அவர் சொன்ன கடிதம் முழுசாக இல்லை. அதற்குப் பிறகும் வர்ணனைகள், பின்கதைகள் என்று எத்தனையோ பத்திகள் இல்லை. அட்டையிலோ விவரத்திலோ சுருக்கப் பதிப்பு என்று ஓரெழுத்து இல்லை. திருவண்ணாமலை பவா செல்லதுரை போன்றவர்கள் மேடையில் கதை சொல்லும்போது அது அவர்கள் சொல்கிற விதம் என்பது கேட்கிற எல்லோருக்கும் தெரியும். அதில் ஒளிவுமறைவு இல்லை. நீங்கள் நாவலின் பெயரைப் போட்டு, ஆசிரியர் பெயரைப் போட்டு, முழு விலையும் வாங்கிக்கொண்டு, பாதி அளவுத் துணியில் தைத்துக் கொடுக்கிறீர்கள். என் கடையில் நான் அப்படிச் செய்தால் மறுநாள் யாரும் படியேற மாட்டார்கள்.

இயந்திரக் குரலே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாமா தன் செல்பேசியை, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் குரலில்தான் இயக்குகிறார். செய்தித்தாளும் வங்கிக் குறுஞ்செய்தியும் அவருக்கு அந்தக் குரலில்தான் வருகின்றன. நான் பின்தொடர முடியாத வேகத்தில் வைத்துக் கேட்பார். யாரும் வாசித்துப் பதிவு செய்யாத ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு இயந்திரக் குரல் வந்தால் அது பெரிய உதவி. 2012-இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காக நூல்களை அவர்கள் பயன்படுத்தக்கூடிய வடிவத்துக்கு மாற்ற இடம் கொடுக்கிறது. பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் கிடைக்க வழிசெய்ய 2013-இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதலாவதாக ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. 2016-இல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் பார்வையற்றவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. இந்த நாட்டில் கேட்டுப் படிக்கிறவர்களை மனதில் வைத்து இத்தனை நடந்திருக்கிறது. இல்லாத புத்தகத்துக்கு இயந்திரக் குரல் கொடுங்கள், வாழ்த்துகிறேன். இருக்கிற மனிதக் குரலை அழித்துவிட்டு அந்த இடத்தில் வைக்காதீர்கள்.

பார்வையற்றவர்களின் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்கிற உங்கள் செயலிகளில் பாதிப் பொத்தான்களுக்குப் பெயரே வைக்கவில்லை. டாக்பேக்கில் தொட்டால் “பொத்தான், பெயரிடப்படாதது” என்று மட்டும் வருகிறது. நிறுத்துவது எது, அடுத்த அத்தியாயம் எது என்று மாமாவுக்கு நான் விரலைப் பிடித்துப் பழக்கிக் கொடுத்தேன். அடுத்த பதிப்பில் நீங்கள் இடத்தை மாற்றிவிட்டீர்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரின் பல பகுதிகள் தண்ணீரில் நின்றன. மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை. சார்ஜ் மிச்சம் இருந்த செல்பேசியில் தரவிறக்கி வைத்த புத்தகங்கள் இருந்தன. இருட்டில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது மாமா கேட்டது ஒரு கதைதான். செயலி திறக்கவில்லை. சந்தா செல்லுபடியாகிறதா என்று சரிபார்க்க இணையம் வேண்டுமாம். பணம் கட்டி, தரவிறக்கி, கைக்குள்ளேயே இருந்த புத்தகம்!

வாசித்தவர்களைப் பற்றியும் கேட்டாக வேண்டும். ‘செல்லம்மாள்’ வாசித்த பெண்ணின் பெயரை நீக்கியது ஏன்? அவர் பதிவை எடுத்துவிட்ட செய்தி அவருக்காவது தெரியுமா? புதிய இயந்திரக் குரல் யாருடைய பதிவுகளைக் கொண்டு பழக்கப்பட்டது? அவர்கள் சம்மதித்தார்களா, அதற்குப் பணம் வாங்கினார்களா? நிகழ்த்துகிற கலைஞருக்குத் தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையைக் காப்புரிமைச் சட்டத்தின் 38பி பிரிவு தருகிறது. மணிக்கணக்கில் அறைக்குள் உட்கார்ந்து, தொண்டை கட்டக் கட்ட ஒரு நாவலை வாசித்து முடிக்கிறவர் கலைஞர்தான். நடிகருக்குச் சுவரொட்டி இருக்கிறது, பாடகருக்கு மேடை இருக்கிறது. வாசிப்பாளருக்கு இருப்பது அந்த ஒரு வரிப் பெயர்தான், அதையும் பிடுங்கிவிட்டீர்கள்.

நான் கேட்பது இவை.

எடுத்துவிட்ட மனிதப் பதிவுகளை, முதலில் ‘செல்லம்மா’ளை, வாசித்தவர் பெயரோடு திரும்ப வையுங்கள். உரிமைக் காலம் முடிந்ததால் எடுத்திருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லி, அந்தப் பதிவை நம்பிச் சந்தா கட்டியவர்களுக்கு உரிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இனி எந்தப் பதிவை மாற்றுவதானாலும் முன்கூட்டியே எங்களுக்குச் செய்தி அனுப்புங்கள்.

இயந்திரக் குரலில் இருக்கும் புத்தகத்தில் அதை முதல் திரையிலேயே எழுதுங்கள். பார்வையற்றவருக்கும் தெரியும்படி ஒலியின் தொடக்கத்திலும் சொல்லுங்கள். சுருக்கப் பதிப்பானாலும், நாடகமானாலும் அப்படியே. பணம் கட்டும் முன்பு எங்களுக்குத் தெரிய வேண்டும்.

வட்டாரப் பேச்சில் எழுதப்பட்ட நூல்களை அந்த வட்டாரத்துக்காரரிடம் கொடுங்கள். கிடைக்காவிட்டால், பதிவுக்கு முன் அந்தப் பேச்சு தெரிந்த ஒருவரை உட்கார வைத்து ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். அந்த வேலைக்கும் கூலி கொடுங்கள். நெல்லையிலும் கோவில்பட்டியிலும் புதுச்சேரியிலும் ஆள் இருக்கிறார்கள்.

பதிப்பாளர்களிடம் தனியாக ஒன்று. ஒலி உரிமை எழுதிக் கொடுக்கும்போது யார் வாசிப்பது, வெட்டலாமா, இயந்திரக் குரல் போடலாமா என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதிவையுங்கள். அச்சில் ஒரு பக்கம் குறைந்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

அத்தியாயப் பிரிவு இல்லாத ஒலிநூலை விற்காதீர்கள். பொத்தான்களுக்குப் பெயர் வையுங்கள். பார்வையற்ற ஒருவர் சோதித்துச் சரி என்று சொன்ன பிறகு செயலியை வெளியிடுங்கள். தரவிறக்கிய புத்தகம் சந்தா முடியும் நாள்வரை இணையம் இல்லாமல் திறக்க வேண்டும். அடுத்த புயலுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

இந்த மடலுக்குத் தானியங்கிப் பதில் வேண்டாம். பொறுப்பில் இருக்கும் ஒருவர் தன் பெயரைப் போட்டு, தமிழில், எல்லோரும் படிக்கும்படி பதில் எழுத வேண்டும். தை மாதத்தோடு என் சந்தா முடிகிறது. அதைப் புதுப்பிப்பதா என்பதை உங்கள் பதிலைப் பார்த்துத்தான் நானும் மாமாவும் முடிவு செய்வோம்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரப் பெண்
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்